அதே அளவு, வேறு அறை

எலிகளைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளை எலியம்மா என்று கூப்பிட்டார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கோபமெல்லாம் இல்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம். வீட்டில் அவளுக்குப் பெயர் பெரியவள். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து வெகுகாலம் கழித்து, இனி ஒன்று இல்லை என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்த நேரத்தில் வந்து பிறந்தவன் சின்னவன். அந்தச் சின்னவனை உயிரோடு வைத்திருக்க அம்மாவும் பெரியவளும் தலையால் தண்ணீர் குடித்தார்கள். இருவரில் ஒருத்தி படித்தவள் என்பதால் அவள் பேச்சு எடுபட்டது. அவ்வளவுதான் கதை, மற்றதெல்லாம் விவரம்.

சின்னவன் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். அவன் ஒட்டிய தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும் என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கியது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. டாக்டர் மாத்திரையை நிறுத்தினார், இவன் வெளியே பொடி வாங்க ஆரம்பித்தான். பொடி கொஞ்ச நாளில் ஊசியானது. வீட்டில் யாரும் அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள். "அது" என்பார்கள். "இன்னைக்கும் அது போட்டிருக்கான் போலடி" என்று அம்மா போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வாள், ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்வதுபோல.

அம்மாவும் அவனும் இருந்த பழைய வீட்டில், அவன் அதைப் போடுகிற இடம் குளியலறை. அம்மாவுக்குத் தெரியும். அவன் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் வெளியே நின்று ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கொண்டே இருப்பாள். துணி ஊறவைக்கணும் என்பாள், வாளி வேணும் என்பாள். பதில் வராமல் போன இரண்டு தடவை, தாழ்ப்பாளையே பெயர்த்துக்கொண்டு உள்ளே போய், பெரியவள் வாங்கிக் கொடுத்திருந்த மருந்தை அவன் மூக்கில் அடித்து, நின்றுபோன மூச்சைத் திரும்ப வரவழைத்தாள். அந்த மருந்து டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற மாதிரி எப்போதும் இருக்கும். இரண்டாவது தடவைக்குப் பிறகு சின்னவனே மறுவாழ்வு மையத்துக்குப் போகிறேன் என்றான். போனான். நன்றாகத் தேறினான். திரும்பி வருகிற நாள் நெருங்கியபோதுதான் எங்கே வருவது என்று பேச்சு வந்தது.

அம்மாவுக்கு இதில் பேச ஒன்றுமே இல்லை. பிள்ளை வீட்டுக்கு வருகிறான், வேறு எங்கே போவான்? பெரியவள் கூடவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் பேர் வாங்கியதே அந்த விஷயத்தில்தான். அவளுடைய கூண்டுகளில் ஒரு சின்ன லீவர் இருக்கும், அதற்கு மேலே ஒரு சின்ன விளக்கு. எலி லீவரை அழுத்தினால் போதை மருந்து உடம்பில் ஏறும், விளக்கும் எரியும். பிறகு மருந்தை நிறுத்திவிடுவார்கள். எலி அழுத்தி அழுத்திப் பார்த்துச் சலித்து, மறந்து, ஒழுங்கான எலியாகிவிடும். பல வாரம் கழித்து மருந்தே இல்லாமல் விளக்கை மட்டும் போட்டுக்காட்டினால் போதும். அந்த எலி லீவர் மேல் பாய்ந்து விழும். சோறு தண்ணீர் வேண்டாம், பக்கத்தில் துணை வேண்டாம், அழுத்திக்கொண்டே கிடக்கும். அப்போது அதன் மூளைக்குள் எந்த இடம் எப்படித் துடிக்கிறது என்று முதலில் அளந்து காட்டியவர்களில் பெரியவளும் ஒருத்தி.

இதையெல்லாம் அவள் அம்மாவின் சமையலறையில் நின்றுகொண்டு, வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னாள். இந்த வீட்டில் ஒவ்வொன்றும் அவனுக்கு ஒரு விளக்கு என்றாள். அவன் பொடியைக் கரைத்த இந்தக் கரண்டி, அந்தத் தாழ்ப்பாள், ஜன்னலுக்கு வெளியே தெரிகிற அந்தத் தெருமுனை. அம்மா பாத்திரம் தேய்த்த கையோடு திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நானும் விளக்குதானா?"

"நீயும்தாம்மா. நீ கதவத் தட்டுற சத்தம் இருக்கே, அது போதும் அவனுக்கு."

அம்மா அதற்குப் பிறகு வாதாடவில்லை. பெற்ற பிள்ளைக்குத் தானே கெடுதல் என்று படித்த மகள் சொன்னால் ஒரு தாய் என்னதான் பேசுவாள்? வீட்டுச் சாவியையே கொடுத்துவிடு என்று கேட்ட மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு. கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டாள், அந்த மூக்கு மருந்தையாவது புது இடத்தில் வைக்கலாமா என்று. வேண்டாம் என்றாள் பெரியவள். அதைப் பார்த்தாலும் அவனுக்கு அது ஞாபகம் வரும்.

நகரத்தின் மறுகோடியில் ஒரு மாடிப்பகுதியைப் பிடித்தாள். ஒரு அறை, சின்னச் சமையலிடம், குளியலறை. கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அந்த இடத்தை அவள் தயார் செய்த அழகைப் பார்த்திருக்கவேண்டும்! பழைய வீட்டிலிருந்து ஒரு குண்டூசிகூட வரவில்லை. சோப்பு வேறு வாசனை, துண்டு வேறு நிறம், தட்டு வேறு வடிவம். கரண்டி எல்லாம் மரம். சுவருக்கு அடித்த பச்சைகூட அவன் வாழ்நாளில் எந்தச் சுவரிலும் பார்த்திராத பச்சை. போன் எண்ணை மாற்றினாள், பழைய கூட்டாளிகளை ஒவ்வொருவராக உருவி எடுத்தாள். டைல்ஸ் வேலையும் ஆகாது, அந்த ஆட்களும் விளக்குகள்தான் என்று ஒரு செடி விற்கிற இடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை பார்த்துக்கொடுத்தாள். அந்த வீட்டுக்குள் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது சட்டம். நல்லதாகவும் பேசக்கூடாது, கெட்டதாகவும் பேசக்கூடாது. "அது" என்ற சொல்கூட வாயில் வரக்கூடாது. அம்மா வாரத்தில் ஒருமுறை வரலாம், கொஞ்ச நேரம் இருக்கலாம், கதவைத் தட்டாமல் மணி அடிக்கவேண்டும்.

சின்னவன் உள்ளே வந்தான். பையைக் கீழே வைக்காமலேயே நான்கு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"எல்லாம் சரிக்கா. லீவர் எங்க வச்சிருக்க?"

பெரியவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இதற்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள், அதைக் கிண்டல் செய்கிற அளவுக்கு அவன் பழைய சின்னவனாகத் திரும்பி வந்திருக்கிறான். கண் கலங்கியது. அவன் மேல் அவளுக்கு உயிர். சின்ன வயதில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தவள் அவள்தான்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகப் போனது. நேரத்துக்கு வேலைக்குப் போனான், நேரத்துக்கு வந்தான். மையத்தில் செய்த சோதனைகளில் எல்லாம் சுத்தம். ஆனால் முகத்தில் களை இல்லை. பெரியவள் போகும்போதெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுத்தால் தவிட்டைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பான். ஒருநாள் எதற்காகக் காலையில் எழுந்திருக்கவேண்டும் என்றே தெரியவில்லை என்றான். பெரியவள் உற்சாகமாக விளக்கினாள். இது எதிர்பார்த்ததுதான், இத்தனை நாள் வெளியிலிருந்து வந்து கொட்டியதால் மூளை தன்னுடைய சந்தோஷத்தைத் தானே சுரக்க மறந்திருக்கிறது. சர்க்கரைத் தண்ணீரைக்கூடத் திரும்பிப் பார்க்காத எலிகள் அவளிடம் இருக்கின்றன, கொஞ்ச மாதத்தில் அவையும் குடிக்க வந்துவிடும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாய் அல்லவா, பொறுமையாக இரு என்றாள். அவன் தலையாட்டினான். தூக்கம் வரவில்லை என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அதை அம்மாவிடம் சொன்னான்.

இப்படி இருக்கும்போது பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஒரு வகுப்பு வந்தது. வருஷா வருஷம் எடுக்கிற வகுப்பு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எலிகளுக்கு ஒரு குறிப்பிட்ட அறையில் வைத்தே போதை மருந்து கொடுக்கிறார்கள், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். எலியின் உடம்பு பழகிக்கொள்கிறது. பழகாத எலியைக் கொன்றுவிடக்கூடிய அளவைக்கூடப் பழகியது தாங்கிவிடும். பிறகு ஒருநாள் பெரிய அளவைக் கொடுக்கிறார்கள். பாதி எலிகளுக்கு அதே அறையில், பாதி எலிகளுக்கு இதுவரை பார்த்தேயிராத வேறு அறையில். வேறு அறையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு எலிகள் செத்துப்போகின்றன.

முன்வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். மருந்து அதேதான், அளவும் அதேதான், பிறகு ஏன் என்று கேட்டாள். நல்ல கேள்வி என்றாள் பெரியவள். பழகிய அறைக்குள் போனதுமே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது, இதோ வரப்போகிறது என்று. மருந்து மூச்சை அமுக்கும் என்றால், அது வருவதற்கு முன்பே உடம்பு எதிர்ப்பக்கம் தள்ளத் தயாராகிவிடும். சுவரின் நிறமும் வாசனையும் சத்தமும்தான் அந்த எச்சரிக்கை. புது அறையில் எச்சரிக்கை எதுவும் இல்லை. உடம்பு ஏமாந்துபோய் நிற்கும்போது மருந்து வந்து இறங்கிவிடுகிறது.

சொல்லிவிட்டுத் திரையில் அடுத்த படத்துக்குப் போனாள். ஆமாம், போனாள்! இதைச் சொன்ன வாய் அவளுடையதுதான், பச்சைச் சுவருக்கு வண்ணம் பார்த்து எடுத்த கையும் அவளுடையதுதான். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தும் ஒன்றுக்கொன்று அறிமுகமாகவில்லை. விளக்கைப் பற்றியது அவளுடைய சொந்த ஆராய்ச்சி, அறையைப் பற்றியது யாரோ எப்போதோ செய்தது, பாடத்தில் வருவது. படித்தவர்களின் மண்டையில் இப்படித்தான் அடுத்தடுத்த வீடுகளில் பேச்சுவார்த்தை இல்லாமல் குடித்தனம் நடக்கும். வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கும்போதுதான் உறைத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

அன்று சாயங்காலமே அவனைப் பார்க்கப் போனாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தாள். சொல்லவேண்டியது சின்ன விஷயம்தான். போடாதே. அப்படி என்றைக்காவது கை மீறிப் போட்டுவிடுவாய் என்றால், பழைய அளவைப் போடாதே, தனியாக இருக்கும்போது போடாதே. அந்த அளவை இந்த அறையில் உன் உடம்பு தாங்காது. எந்த மருத்துவமனையில் வேலை பார்க்கிற நர்சும் கூச்சமில்லாமல் சொல்கிற பேச்சு. ஆனால் அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கே இடமில்லை என்று சட்டம் போட்டவள் அவள். அதன் பெயரை எடுத்தால் அதுவே ஒரு விளக்கு. அளவைப் பற்றிப் பேசினால் அவன் கை ஊசியை நினைக்கும். எச்சரிக்கிறேன் என்று போய் நானே கொளுத்திப் போட்டுவிட்டால்?

சின்னவன் டீ போட்டுக் கொடுத்தான். அவள் சுவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"என்னக்கா, ஏதோ சொல்ல வந்த மாதிரி இருக்க?"

அவன் முகத்தைப் பார்த்தாள். சுத்தமாக இருக்கிறான், சோதனையெல்லாம் சரியாக வருகிறது, எதற்கு இப்போது போய்?

"ஒண்ணுமில்லடா. குழாயில தண்ணி ஒழுங்கா வருதான்னு கேக்க வந்தேன்."

வருகிறது என்றான். கொஞ்ச நேரம் செடிகளைப் பற்றிப் பேசினார்கள். எதற்கு அதிகத் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும் என்று அவன் சொன்னான், அவள் கேட்டுக்கொண்டாள். அவன் வாசல் வரை வந்து வழியனுப்பினான்.

அதற்கு அடுத்த வாரம் பெரியவள் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளை எடை போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் போன் செய்தார். மாடிக் குளியலறையிலிருந்து தண்ணீர் கசிந்து தங்கள் கூரை ஊறிப்போயிருக்கிறது, குழாயை மூடாமல் போய்விட்டான்போல, தட்டினால் பதில் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். கையிலிருந்த எலியைக் கூண்டில் விட்டாளா மேஜையில் விட்டாளா என்று அவளுக்குத் தெரியாது. அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் அந்தப் புதுத் துண்டுகளுக்கு அடியில், வாளி மேல் சாய்ந்து உட்கார்ந்த மேனிக்குக் கிடந்தான். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. உதடு நீலம். தொட்டுப் பார்த்தாள், சில்லிட்டிருந்தது. குழாயை மூடியது வீட்டுக்காரர்தான்.

உடலைச் சோதித்த மருத்துவர் அவளுக்குத் தெரிந்தவர், ஒரே துறை என்று மரியாதையாகப் பேசினார். அளவு ஒன்றும் பெரிதில்லை, முன்பு வழக்கமாகப் போட்டுக்கொண்டிருந்ததுதான் இருக்கும், நடுவில் விட்டிருந்ததால் உடம்பு தாங்கவில்லை என்றார். அது பாதிக் காரணம் என்பது பெரியவளுக்குத் தெரியும். மீதிப் பாதியை அவரிடம் சொல்லவில்லை. தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனார்கள். பழைய வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும். அம்மா அழுது தீர்த்திருந்தாள் என்றுதான் பெரியவள் நினைத்தாள். அவள் ஒடுங்கிக் கிடந்தது அழுது ஓய்ந்ததால் அல்ல, பயத்தால் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாளாக அம்மா மகள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. சமையலறையில் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, முதுகைக் காட்டியபடியே சொன்னாள்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்டி. என்னைய என்ன வேணாலும் சொல்லு."

தூக்கமே இல்லை அம்மா, கண்ணை மூடினால் மூடமாட்டேன் என்கிறது என்று சின்னவன் அவளிடம் அழுதிருக்கிறான். பிறந்ததிலிருந்து அவனுக்கு ஒரே தலையணை, இலவம்பஞ்சு, நடுவில் பள்ளம் விழுந்தது. அது இல்லாமல் அவனுக்குச் சரியாகத் தூக்கம் பிடிக்காது. பழைய வீட்டுச் சாமான் எதுவும் அங்கே போகக்கூடாது என்று பெரியவள் சொல்லியிருந்தாள். அம்மா அதை உதறி வெயிலில் போட்டு, கடையில் புது உறை வாங்கி மாட்டி, பைக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அவன் அதை வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டானாம்.

"உறை புதுசு, உள்ள பழசு. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். நீ அவ்வளவு சொல்லியும் கேக்காம நானே வெளக்கக் கொண்டுபோய்க் கொடுத்துட்டேன். அதப் பாத்துத்தானே அவனுக்கு அது ஞாபகம் வந்துச்சு? கொன்னுட்டேன்ல?"

அம்மாவின் வாயில் தன் சொல்லைக் கேட்டது பெரியவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. தலையணையால் அவனுக்கு ஆசை கிளம்பியிருக்குமா? கிளம்பியிருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், எந்த ஆராய்ச்சியும் சொல்ல முடியாது. ஆனால் மூச்சு நின்றது தலையணையால் அல்ல. பேசாமல் இருந்துவிட்டால் போதும், பழி அம்மா தலையில் தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்படி ஒரு எண்ணம் வந்ததே, அதற்காகவே அவள் தன்னை வெறுத்தாள்.

அம்மாவைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தாள். வகுப்பில் சொல்கிற மாதிரி சொல்லத் தெரியவில்லை, திக்கித் திக்கித்தான் வந்தது. அந்த எலிகளைப் பற்றிச் சொன்னாள், இரண்டு அறைகளைப் பற்றிச் சொன்னாள்.

"தலையணையால இல்லம்மா. இந்த வீட்டுல இதே அளவு போட்டிருந்தா அவன் உடம்பு ஒருவேள தாங்கியிருக்கும். தாங்காட்டியும் நீ கதவத் தட்டியிருப்ப, மருந்து பக்கத்துல இருந்திருக்கும். ரெண்டையும் எடுத்தது நான். எனக்கு முன்னாடியே தெரியும்மா. சொல்லத்தான் அன்னைக்குப் போனேன். சொல்லாம வந்துட்டேன்."

அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரியவில்லையோ என்று பெரியவள் திரும்ப ஆரம்பித்தாள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இத வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. அவன் தலையணையாலதான் போனான். நான் கொடுத்ததாலதான் போனான்."

"இல்லம்மா, நான் சொல்றது உனக்குப் புரியல—"

"நல்லாவே புரிஞ்சுது. எனக்கு இனிமே இருக்கிறது நீ ஒருத்திடி. உன்னையும் வெறுத்துட்டு நான் யாரோட இருப்பேன்? என்னைய வெறுத்துக்கிட்டு இருந்துடுவேன், அது எனக்கு முடியும்."

சொல்லிவிட்டு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டு வைத்து, வந்து சாப்பிடு என்று கூப்பிட்டாள். பெரியவள் எழுந்து கைகழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அம்மா போட்டதைச் சாப்பிட்டாள்.